மதுரையிலிருந்து இரண்டு நாள் நடை: சிறுமலையா, தாண்டிக்குடியா, அரியமான் கரையா?

"சனி, ஞாயிறு ரெண்டு நாள் இருக்கு. மரத்துக்கு நடுவுல ஒரு காட்டேஜ் வேணும். காலையில எந்திரிச்சு நல்லா நடக்கணும். மலைக்குப் போறதா, கடலுக்குப் போறதா?" மதுரையில் இந்தக் கேள்வியைக் கேட்காத நண்பர் இல்லை. கேட்கும்போதே நாலைந்து காட்டேஜ் படங்களை போனில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஊஞ்சல் இருக்கும், மூங்கில் நாற்காலி இருக்கும், பனிமூட்டத்துக்கு முன்னால் ஒரு காபித் தம்ளர் கட்டாயம் இருக்கும். நடக்கிற பாதை மட்டும் எந்தப் படத்திலும் இருக்காது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடப்பதற்காகத்தான் போகிறீர்கள் என்றால் காட்டேஜைப் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். காலை ஆறு மணிக்கு வாசலைத் தாண்டினால் எந்தப் பாதையில், யார் தடுக்காமல், எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். படத்தில் அழகாக இருந்த பாதி இடங்கள் இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

வாசலிலிருந்தே நடக்க முடிவதுதான் முதல் கணக்கு. தினமும் காரை எடுத்துப் பத்து கிலோமீட்டர் போய்த்தான் நடக்க வேண்டும் என்றால், அதை மதுரையில் சொந்த வீட்டிலிருந்தே செய்யலாம். அறை வாடகை தண்டம்.

அடுத்தது அனுமதி. மலையில் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் வனத்துறையின் காப்புக்காடாக இருக்கும். இல்லையென்றால் யாரோ ஒருவருடைய தோட்டமாக இருக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்த பிறகு இந்த விதிகள் இன்னும் இறுகின. முறையாக நடக்க விரும்புகிறவர்களுக்காக 2024 அக்டோபரில் தமிழக அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி. மாசி, பங்குனித் தீக்காலத்தில் மலைப்பாதைகளை அடைத்துவிடுவார்கள். இந்த நிலையில் "நம்ம பையன் உள்ள கூட்டிட்டுப் போவான் சார், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று காட்டேஜ்காரர் சொன்னால் நம்பிப் போகாதீர்கள். பிடிபட்டால் வழக்கு அந்தப் பையன் பெயரில் மட்டும் நிற்காது.

நிழல், கூட வருகிறவர்களின் முழங்கால், வாடகையில் சொல்லப்படாத செலவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு இடத்திலும் பார்ப்போம். காட்சி, வியூ பாயின்ட், கேம்ப் ஃபயர் இவற்றுக்கு நான் மதிப்பெண் போடவில்லை. அவை எல்லா இடத்திலும் இருப்பதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

## சிறுமலை

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும்போது வாடிப்பட்டிக்கு அப்பால் வலக்கைப் பக்கம் கூடவே வருகிற மலை இதுதான். பார்த்தால் பக்கம், ஆனால் ஏறுகிற சாலை இந்தப் பக்கம் இல்லை. திண்டுக்கல்–நத்தம் சாலைக்குச் சுற்றிப் போய், 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கொடைக்கானலின் உயரத்தில் பாதிதான் என்பதால் குளிர் நடுக்காது. மார்கழி, தை இரவுகளுக்கு மட்டும் ஒரு ஸ்வெட்டர் போதும்.

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மதுரைக்குப் போகும் மூன்று வழிகளைச் சொல்கிற மாங்காட்டு மறையவர், வலப்பக்க வழியில் போனால் வாழையும் கமுகும் தென்னையும் மாவும் பலாவும் சூழ்ந்த சிறுமலை தெரியும் என்கிறார். வாழை இன்றும் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை மலைவாழை அது. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்ததால் முன்பிருந்த அளவு இல்லை. காபி, மிளகு, எலுமிச்சை, பலா, சௌசௌ என்று கலந்து வைத்திருக்கிறார்கள். இது நடப்பவருக்கு எப்படி உதவும் என்றால், விளைச்சலை இறக்க இங்கே இன்னமும் குதிரைகளைப் பயன்படுத்துகிறார்கள். பொதி சுமந்த குதிரை போய்வரும் தடம் செங்குத்தாக இருக்காது, முள் மண்டியும் கிடக்காது. பழையூர், புதூர் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்தத் தடங்கள்தான் சிறுமலையின் உண்மையான நடைபாதைகள். எதிரே குதிரை வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மேட்டுப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். தோட்டக்காரரைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சில நேரம் எலுமிச்சம்பழமும் கையில் வந்து சேரும்.

கொஞ்சம் மூச்சு வாங்க ஏற வேண்டும் என்பவர்களுக்கு அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலை உச்சியில் இருக்கும் சிவலிங்கம் வரை போகும் பாதை இருக்கிறது. காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். படகு விடுகிற ஏரியைச் சுற்றிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். அதை நடைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி சொல்லப்படாத செலவுகள். பெரும்பாலான காட்டேஜ்களில் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், நினைத்த நேரத்துக்கு நினைத்தது கிடைக்காது. வாடகைக் கார் என்றால் ஓட்டுநர் பேட்டாவோடு அவர் படுக்க இடமும் கேட்டு வையுங்கள். பல இடங்களில் பாவம், காரிலேயே படுக்கிறார். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பைக் கூட்டம் ஏறிவிடும். அதற்குப் பிறகு தார்ச்சாலையில் நடப்பது தொல்லை. மாலை ஐந்தரைக்கு மேல் தோட்ட ஓரங்களில் காட்டுமாடு இறங்கும். படம் எடுக்கக் கிட்டே போகிற வேலையே வேண்டாம், சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும்போதும்தான்.

ஐப்பசியிலிருந்து தை வரை சிறுமலைக்கு ஈடாக மதுரைக்கு அருகில் வேறொன்றைச் சொல்ல மாட்டேன். பங்குனி, சித்திரையில் பாதி மலை காய்ந்து கிடக்கும். அப்போது போய்விட்டுத் திட்டாதீர்கள்.

## தாண்டிக்குடி

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். கொடைக்கானலுக்குக் கீழே, பழநி மலையின் கீழ் அடுக்கில் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம். நெரிசலும், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயமான இ-பாஸும் சேர்ந்து கொடைக்கானல் நகரின் மீது அலுப்பை உண்டாக்கிவிட்டதால், பலர் பார்வை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

காபிக்காட்டு நடைக்கு ஈடு எதுவும் இல்லை. மேலே உயர்ந்த நிழல் மரங்கள், அவற்றில் மிளகுக்கொடி, அடியில் காபி; உச்சி வெயிலிலும் தலை சுடாது. மாசி, பங்குனியில் முதல் மழை பெய்த சில நாட்களில் காபி பூக்கும். அந்த வாசனை நம்மூர் மல்லிகைக்குப் பங்காளி. ஊருக்கு அருகே பெருங்கற்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகளும், பாலமுருகன் கோயிலும் இருக்கின்றன. கல்திட்டை என்றதும் பெரிதாக எதிர்பார்த்துப் போக வேண்டாம். பலகைக் கற்களை நிறுத்தி மூடி போட்ட சின்ன அறைகள்தான், சில சாய்ந்து கிடக்கின்றன. மேலே ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இங்கே சிக்கல் வேலி. நல்ல பாதைகள் அத்தனையும் எஸ்டேட்டுக்குள் இருக்கின்றன. எஸ்டேட்காரரே நடத்தும் ஹோம்ஸ்டே என்றால் அவருடைய ஏக்கர் முழுக்க உங்கள் நடைபாதை. சாலையோரத்தில் தனியாக நாலு அறை கட்டி விடுகிற இடம் என்றால் உங்களுக்குத் தார்ச்சாலைதான். இரண்டுக்கும் வாடகை ஒன்றாக இருக்கலாம், படமும் ஒன்றுபோல இருக்கலாம். அதனால் போனில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "தோட்டம் உங்களுடையதா? எத்தனை ஏக்கருக்குள் நடக்கலாம்?"

மழை மாதங்களில் அட்டை ஏறும்; உப்போ, மூக்குப்பொடியோ கையில் இருக்கட்டும். யானை நடமாட்டம் உள்ள பகுதி இது. ஊர்க்காரர் "இன்னைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்" என்றால் காரணம் கேட்டு நிற்காமல் திரும்பிவிடுங்கள். வாந்தி வருகிற குழந்தைகளுக்கு இந்த மலைச்சாலை சிறுமலையைவிட நீண்ட சோதனை.

## அரியமான், மண்டபம், தனுஷ்கோடி

மதுரைக்காரருக்கு ராமேஸ்வரம் என்றால் கோயில், தீர்த்தம், திரும்புதல். அந்தக் கரையை நடப்பதற்கென்று யாரும் யோசிப்பதில்லை. ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளிக்கு அருகில், பாக் நீரிணையைப் பார்த்தபடி இருப்பது அரியமான். மதுரையிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். கரையில் சவுக்குத் தோப்பு, உள்ளே தள்ளித் தென்னந்தோப்பு. தோப்புக்குள் தங்கிக் கடலுக்கு நடக்கிற வசதி இந்தப் பட்டியலில் இங்கே மட்டும்தான். ராமேஸ்வரம் ரயிலில் வந்து உச்சிப்புளியிலோ மண்டபத்திலோ இறங்கி ஆட்டோ பிடித்தும் போகலாம்.

அனுமதிக் கணக்கில் கடற்கரைக்கு முழு மதிப்பெண். ஈரமணலுக்கு வேலி கிடையாது. ஆனால் நிழலில் பூஜ்யம். காலை எட்டரைக்கு மேல் அந்த மணலில் நடப்பது தண்டனை. ஆகவே கடற்கரை நடை என்பது விடிவதற்கு முன் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற ஒன்று. மீதி நாளுக்கு என்ன செய்வது என்பதை முன்பே யோசித்து வையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இன்னொரு நடை போகலாம். இடையில் நுங்கும் பதநீரும் கிடைக்கிற பருவமாக இருந்தால் நேரம் போவதே தெரியாது.

மணலில் நடக்க ஒரு முறை இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கடலில் ஏற்ற இறக்கம் குறைவு, ஒரு மீட்டர்கூட இருக்காது. அதனால் கெட்டியான ஈரமணல் குறுகலான பட்டையாகத்தான் கிடைக்கும், அதுவும் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரு கால் தாழ்ந்தே நடப்பதால் இடுப்பும் கணுக்காலும் வலிக்கத் தொடங்கும். ஒரு திசையிலேயே வெகுதூரம் போய், அங்கிருந்து காரில் திரும்பினால் வலி நிச்சயம். போன வழியே நடந்து திரும்பினால் அடுத்த கால் தாழும், கணக்கு நேராகும். அரியமானில் இருட்டோடு கிழக்கே, மண்டபத் திசையில் போய், மேற்கே திரும்புங்கள். வெயில் முதுகில் விழும், கண்ணில் குத்தாது. கரைக்கு மேலே போனால் செருப்பு அவசியம். சீமைக்கருவேல முள்ளுக்கு மெல்லிய ரப்பர் செருப்பு தாங்காது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். தண்ணீருக்குள் இறங்கி நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி போங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். கரை ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனை (ஜெல்லி மீன்) குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், செத்துக் கிடந்தாலும் சுணைக்கும்.

தனுஷ்கோடியை இரண்டாம் நாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு 2017-இல் சாலை வந்துவிட்டதால், இப்போது முனை வரை வேன் போகிறது. ஆகவே முனையில் நடக்க ஆசைப்படாதீர்கள். இடிபாடுகளுக்கு அருகில் இறங்கி மணல் பக்கமாகப் போங்கள். ஒரு பக்கம் மீனவர்கள் பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணை, மறுபக்கம் ஆண்கடலான மன்னார் வளைகுடா. குளிர்கால மாதங்களில் வரும் பூநாரைகளுக்காக 2025-இல் இப்பகுதியைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்க ஒரு பைனாகுலர் எடுத்துச் செல்லலாம். முனையில் கடலில் இறங்குவது ஆபத்து. நீரோட்டம் கரையிலிருந்தே தொடங்கிவிடும். மாலையில் சாலையை அடைத்துவிடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெண்கடல் எப்போதும் சாதுவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை குமுறுவது அதுதான். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தெற்குப் பக்கம் மணலை வாரி முகத்தில் அடிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனிதான் நடக்கிறவர்களுக்கு உகந்தது. கவனித்தீர்களா, மலைப்பாதைகளைத் தீக்காகப் பூட்டும் மாதங்கள் அவை. மலையா கடலா என்ற கேள்விக்குப் பாதிப் பதிலைக் காலண்டரே சொல்லிவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது தண்ணீர். பல இடங்களில் குளிக்கும் தண்ணீர் உப்புக்கரிக்கும், குடிக்க கேன்தான். அடுத்தது அமாவாசை. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளை ஒட்டிய நாட்களில் அறை வாடகை ஏறும், பாம்பன் பாலத்தில் வண்டிகள் நகராது. பஞ்சாங்கம் பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

## நாலாவது வழி: வீட்டில் தூங்குவது

காட்டேஜ் கேட்டு வந்தவரிடம் இதைச் சொன்னால் முகம் வாடுகிறது. ஆனாலும் சொல்வேன். எப்படியும் காரை எடுத்துப் போய்த்தான் நடக்கப் போகிறீர்கள் என்றால், மதுரையைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் நடைகள் மேலே சொன்ன மூன்றோடும் போட்டி போடும்.

மேலூர் பக்கத்தில், நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வெறும் பாறைக் குன்றுகள், நடுவே கண்மாய்கள், சுனைகள். ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் நடந்து, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலைப் பார்த்து, மறுபக்கம் கழிஞ்சமலையில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டையும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தையும் பார்த்தால் அரை நாள் போகும். லகுட் வல்லூறு, இராசாளி போன்ற வேட்டைப் பறவைகள் இந்தப் பாறைகளில்தான் கூடு கட்டுகின்றன. கூடு இருக்கும் முகட்டில் ஏற வேண்டாம். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் மக்கள் திரண்டு, 2025 ஜனவரியில் அது ரத்தான பிறகு வெளியூர் ஆட்கள் வருவது கூடியிருக்கிறது. குப்பையைத் திரும்ப எடுத்து வருவது நம் பாடு.

கீழக்குயில்குடி சமணர்மலை இன்னும் பக்கம். ஆலமரத்தடியில் கருப்பசாமி, எதிரே தாமரைக் குளம், படியேறினால் பேச்சிப்பள்ளத்துச் சமணச் சிற்பங்கள். பாட்டி குளக்கரையில் உட்கார்ந்திருக்க, பேரன் ஏறி இறங்கி வந்துவிடலாம். அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை போவதும் நல்ல ஏற்றம். மரநிழல் உண்டு, தார்ச்சாலைதான், குரங்குகளிடம் கைப்பையைக் காட்டக் கூடாது. இறங்கி வந்து அழகர்கோயில் தோசை. சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் நடைக்கென்று வராதீர்கள். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்குப் பசுமை நடை அமைப்பினர் 2010-லிருந்து இந்தக் குன்றுகளுக்குக் கூட்டாக நடந்து போகிறார்கள்.

குறை என்னவென்றால் இது விடுமுறை மாதிரித் தோன்றாது. பத்தரைக்கு வீடு திரும்பினால் கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நிற்பார்.

## ஒரே பார்வையில்

| | சிறுமலை | தாண்டிக்குடி | அரியமான் | வீட்டிலிருந்து |
|---|---|---|---|---|
| மதுரையிலிருந்து | சுமார் 90 கி.மீ. | சுமார் 100 கி.மீ. | சுமார் 140 கி.மீ. | 10–25 கி.மீ. |
| வாசல் நடை | குதிரைத் தடம் அருகில் இருந்தால் அருமை | எஸ்டேட்டுக்குள் தங்கினால் மட்டும் | தாராளம் | இல்லை |
| நிழல் | பரவாயில்லை | மிக நன்று | இல்லை | அழகர்மலையில் மட்டும் |
| ஏற்ற மாதம் | ஐப்பசி–தை | கார்த்திகை–தை. பூப்பருவம் தனி | மாசி, பங்குனி | கார்த்திகை–மாசி |
| கவனிக்க | காட்டுமாடு, ஞாயிறு பைக் கூட்டம் | யானை, அட்டை | அமாவாசை, உப்புத் தண்ணீர் | வெயில் |

## யாருக்கு எது

முழங்கால் வலிக்கும் பெற்றோரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் அரியமான். சமதரை, விரும்பிய இடத்தில் திரும்பலாம், சவுக்கு நிழலில் பாய் விரிக்கலாம். சின்னக் குழந்தைகளுக்கும் அதுவே. மணல் இருந்தால் அவர்களுக்கு வேறெதுவும் வேண்டாம், உங்களுக்குத்தான் நடை பாதியாகும். கணவன் மனைவி மட்டும், அமைதி வேண்டும், புத்தகம் படித்து நடுநடுவே நடக்க வேண்டும் என்றால் தாண்டிக்குடி எஸ்டேட் வீடு. மூன்றாவது இரவும் கிடைத்தால்தான் அந்தப் பயண அலுப்பு தீரும். நாலைந்து நண்பர்கள், நன்றாக நடப்பவர்கள், இரண்டே நாள் என்றால் சிறுமலை. வெள்ளி இரவே ஏறிவிடப் பாருங்கள். சனி காலை உங்கள் கையில் இருக்கும்.

பறவைக்காகவோ கல்வெட்டுக்காகவோ நடப்பவர்கள் காட்டேஜ் காசை மிச்சம் பிடித்து நாலு ஞாயிற்றுக்கிழமை அரிட்டாபட்டிப் பக்கம் போகலாம். மே மாத விடுமுறைக்கு இந்த நாலில் எதையும் மனதாரச் சொல்ல முடியவில்லை. கட்டாயம் என்றால் தாண்டிக்குடி, அந்த நிழலுக்காக.

## முன்பணம் அனுப்புமுன்

போனில் "வியூ எப்படி?" என்று கேட்காதீர்கள். "காலையில் வாசலிலிருந்து நடந்தால் எங்கே போய்ச் சேரலாம்?" என்று கேளுங்கள். நடக்கிற ஆளாக இருந்தால் ஊர்ப்பெயர், ஓடை, கோயில் என்று அடுக்குவார். "கார்ல போனா எல்லாம் பக்கம்தான் சார்" என்று வந்தால் புரிந்துகொள்ளுங்கள். அறைக்குள் நுழையும் நேரமும் காலி செய்யும் நேரமும் முக்கியம். பகல் 12 மணிக்கு மேல் உள்ளே, மறுநாள் 11 மணிக்குள் வெளியே என்றால் ஓர் இரவு வாடகைக்கு ஒரே ஒரு காலை நடைதான் கிடைக்கிறது. காலை நடைக்குப் போய்வந்து குளிக்கும் வரை அறையை வைத்துக்கொள்ளலாமா என்று முன்பே பேசிவிடுங்கள், பலர் சம்மதிக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பதிவு செய்தால் மழைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றழுத்தத் தாழ்வு வந்தால் மலைச்சாலையில் பாறை உருளும், மரம் விழும்; கடல் பக்கம் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். அப்போது பணம் திரும்ப வருமா, வேறு தேதிக்கு மாறுமா, அந்தத் தேதி எத்தனை மாதம் வரை செல்லும் என்பது ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது உங்கள் போனில் இருக்க வேண்டும்.